விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவிலிருந்து வானியல் கற்பது எப்படி? மாணவர்களுக்கான வழிகாட்டி

ஹப்பிள் எடுத்த படம் ஒன்றையாவது பார்க்காத மாணவர் இன்று அரிது. பாடநூலின் அட்டை, வகுப்பறைச் சுவர், கைபேசியின் முகப்புத் திரை என்று எங்கும் அவை இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்கள் உருவான மூலக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையோ பட்டமோ தேவையில்லை. ஒரு கணினி, சுமாரான இணைய வேகம், பத்தாம் வகுப்புக் கணிதம் இவை போதும்.

விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் ஒவ்வொரு படமும் ஓர் அளவீடு. அதன் ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது ஓர் எண்தான். அழகு பிறகு வருவது. இதைப் பிடித்துக்கொண்டால் வேடிக்கை பார்ப்பதிலிருந்து ஆராய்வதற்கு நகர்ந்துவிடலாம். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். அவசரம் வேண்டாம்.

முதலில் வெறும் கண்

தொலைநோக்கி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பெட்டியின் மேல் பல நூறு மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டு விற்கப்படும் மலிவான கருவிகள் பெரும்பாலும் மங்கலையும் ஆட்டத்தையும்தான் பெரிதாக்கிக் காட்டுகின்றன. உண்மையில் முக்கியம் ஒளியைச் சேகரிக்கும் கண்ணாடியின் விட்டம். கையில் எதுவும் இல்லாவிட்டால் வானத்தைக் கணினித் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் போதும். இரவல் கிடைத்தால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் மிக நல்லது.

திருவாதிரையையும் கார்த்திகைக் கூட்டத்தையும் வானத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள். பிறகு கோணம் பழகுங்கள். கையை நீட்டி மூடிய முஷ்டி சுமார் 10 பாகை. முழுநிலவின் அகலம் சுமார் அரைப் பாகை, அதாவது 30 கலை, அதாவது 1,800 விகலை. ஹப்பிளின் முதன்மைக் கேமரா ஒரு தடவையில் பார்ப்பது ஏறத்தாழ 160 விகலை அகலமுள்ள துண்டு மட்டுமே. நிலவின் குறுக்கே அப்படிப்பட்ட பதினோரு துண்டுகளை வரிசையாக வைக்கலாம். ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் ஒரு பகுதியை மட்டும் காட்டும், 2015இல் வெளியான பெரிய ஹப்பிள் படத்துக்கு 411 இடங்களில் குறிவைத்து 7,398 முறை பதிவு செய்ய வேண்டியிருந்தது ஏன் என்பது இப்போது புரியும்.

எந்தக் கண் எதைப் பார்க்கிறது

குளத்தின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பறக்கும் பறவையைப் பார்ப்பது போலத்தான் தரையிலிருந்து விண்மீனைப் பார்ப்பதும். காற்று அசைய, பிம்பமும் அசைகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், எக்ஸ்-கதிர், காமா கதிர், புற ஊதாவின் பெரும்பகுதி, அகச்சிவப்பின் கணிசமான பகுதி ஆகியவற்றை வளிமண்டலம் உள்ளேயே விடுவதில்லை. அமெரிக்க வானியற்பியலாளர் லைமன் ஸ்பிட்சர் 1946லேயே விண்வெளியில் தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று எழுதியதற்கு இவை இரண்டுமே காரணங்கள்.

1990 ஏப்ரல் 24 அன்று ஏவப்பட்ட ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு புற ஊதாவையும் அண்மை அகச்சிவப்பையும் அது பார்க்கிறது. 2021 டிசம்பர் 25 அன்று புறப்பட்ட ஜேம்ஸ் வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர், தங்கப் பூச்சுள்ள 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்து அடுக்குத் திரைக்குப் பின்னால் குளிரில் நின்று அகச்சிவப்பைப் பார்க்கிறது. வெப்பமான பொருள் எதுவும் அகச்சிவப்பை வீசும் என்பதால், தொலைநோக்கியே சூடாக இருந்தால் அது தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். குளிரும் திரையும் அதற்காகத்தான்.

வெப் வந்துவிட்டதால் ஹப்பிள் பழசாகிவிட்டது என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. வெப்பால் புற ஊதாவைப் பார்க்கவே முடியாது. இளம் சூடான விண்மீன்களை ஆராய இன்றும் ஹப்பிள் வேண்டும்.

எக்ஸ்-கதிருக்கு 1999இல் ஏவப்பட்ட சந்திரா இருக்கிறது. சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. எக்ஸ்-கதிர் கண்ணாடியில் நேராக மோதினால் திரும்பாமல் உள்ளே போய்விடும் என்பதால், அதன் கண்ணாடிகள் குழாய்போல வளைந்து, கதிரைச் சாய்வாக உரசவிட்டுத் திருப்புகின்றன. 2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட் புற ஊதாவையும் எக்ஸ்-கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் வகையில் கட்டப்பட்டது. ஐரோப்பாவின் கையா ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்து, 2025 தொடக்கத்தில் ஓய்வுக்குப் போனது. அதன் பட்டியல் இன்னும் பல ஆண்டுகளுக்கு வேலை கொடுக்கும். கெப்ளரும் டெஸ்ஸும் புறக்கோள் வேட்டைக்கானவை, அதாவது மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதற்கானவை. யூக்ளிட் 2023இல் கிளம்பியது, ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளின் தடயங்களுக்காக வானத்தின் பெரிய பரப்பை வரைபடமாக்குகிறது.

படத்தின் கீழே இருப்பதைப் படியுங்கள்

படத்தைப் பார்த்தவுடன் கீழே உள்ள சிறிய எழுத்துகளுக்குப் போங்கள். எந்தத் தொலைநோக்கி, எந்தக் கேமரா, எந்தெந்த ஃபில்ட்டர்கள், எந்த ஃபில்ட்டருக்கு எந்த நிறம் என்று அங்கே இருக்கும். ஃபில்ட்டர் பெயர்கள் பார்க்கப் புதிர்போல இருந்தாலும் எளிமையானவை. எஃப் என்றால் ஃபில்ட்டர். நடுவில் உள்ள எண் அலைநீளம். கடைசி எழுத்து டபிள்யூ என்றால் அகன்ற பட்டை, என் என்றால் குறுகிய பட்டை. ஹப்பிளின் எஃப்606டபிள்யூ 606 நானோமீட்டரை ஒட்டிய அகன்ற பட்டை. வெப்பின் எஃப்444டபிள்யூ 4.44 மைக்ரோமீட்டர். ஹப்பிளின் அகச்சிவப்புக் கேமராவில் மட்டும் எஃப்160டபிள்யூ என்றால் 1.60 மைக்ரோமீட்டர், 160 நானோமீட்டர் அல்ல. புதியவர்கள் இங்கே தடுமாறுவது வழக்கம்.

‘இந்த நிறம் உண்மையா?’ என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. ‘இந்த நிறம் எதைக் குறிக்கிறது?’ என்று கேட்பதே பயன் தரும். 1995இல் ஹப்பிள் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தக அயனியின் ஒளி சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். நேரில் பார்த்தால் கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பாகத்தான் தெரியும், பிரித்தறிய முடியாது. அவற்றை வேறு வேறு நிறத்தில் வைத்ததால்தான் எங்கே எந்த வாயு இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. இதைப் பொய் என்பவர்கள் வரைபடத்தில் நாடுகளுக்கு நிறம் தீட்டுவதையும் பொய் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகளையும் கவனியுங்கள். நான்கு இருந்தால் பெரும்பாலும் ஹப்பிள். ஆறு பெரியவையும் இரண்டு சிறியவையும் இருந்தால் வெப். கண்ணாடியின் விளிம்பும் அதற்கு எதிரே சிறு கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளும் ஒளியை விலக்குவதால் வருபவை அவை. விண்மீனைப் போன்ற புள்ளி ஒளியில் அவை துலக்கமாகத் தெரியும், பரந்து கிடக்கும் விண்மீன் திரளில் பெரும்பாலும் தெரியாது. ஆழமான படம் ஒன்றில் கோடுள்ளவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுபவை ஏறத்தாழ எல்லாமே தொலைதூர விண்மீன் திரள்கள். சமூக ஊடகத்தில் சுற்றும் ‘வெப் எடுத்த அபூர்வப் படம்’ ஏதாவது வந்தால் முதலில் இந்தக் கோடுகளை எண்ணுங்கள். குறிப்பும் இல்லாமல், கோடுகளின் எண்ணிக்கையும் தாறுமாறாக இருந்தால் அது கணினி வரைந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே பொருளைப் பல ஒளியில்

நூறு படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒரே பொருளைப் பல கண்கள் வழியாகப் பார்ப்பது நிறையக் கற்றுத்தரும். என் பரிந்துரை நண்டு நெபுலா. மெசியே என்ற பழைய வானப் பட்டியலில் அதன் எண் எம் 1. 1054இல் சீன வானியலாளர்கள் பகலிலும் தெரிந்த ‘விருந்தாளி விண்மீன்’ ஒன்றைப் பதிவு செய்தார்கள். வெடித்துச் சிதறிய அந்த விண்மீனின் மிச்சம்தான் இது. தொலைவு சுமார் 6,500 ஒளியாண்டு.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஈசாஸ்கை என்ற இணையக் கருவியை உலாவியில் திறந்து, தேடல் பெட்டியில் எம் 1 என்பதை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பிறகு வானத்தின் அலைநீளத்தை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெடிப்பில் எறியப்பட்ட வாயு இழைகள் பின்னிக் கிடக்கும். அகச்சிவப்பில் தூசு துலங்கும். எக்ஸ்-கதிரில் இழைகள் காணாமல் போய், நடுவில் வளையங்களும் இருபுறமும் பீறிடும் தாரைகளும் மட்டும் நிற்கும். அங்கே உட்கார்ந்திருப்பது நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் பல்சர், வெடித்த விண்மீனின் மிக அடர்த்தியான உள்மையம்.

எக்ஸ்-கதிரில் நெபுலா ஏன் சிறியதாகத் தெரிகிறது? எக்ஸ்-கதிரை வீசும் அளவுக்கு ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலை வேகமாக இழந்துவிடுகின்றன, மையத்தை விட்டு வெகுதூரம் போவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. குறைந்த ஆற்றலுள்ளவை வெளி விளிம்புவரை போய்ச் சேர்கின்றன. படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலன்றி இந்தக் கேள்வியே தோன்றாது.

நீங்களே ஒரு படம் செய்யுங்கள்

இனி மூலக் கோப்புக்குப் போகலாம். ஹப்பிள், வெப், கெப்ளர், டெஸ் ஆகியவற்றின் தரவு மாஸ்ட் என்ற காப்பகத்தில் இருக்கிறது. கோப்பு வடிவம் ஃபிட்ஸ். படமும், அது எப்போது, எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்ற தலைப்புத் தகவலும் ஒன்றாகவே அதில் இருக்கும். சாதாரணப் படக்காட்டியில் அது திறக்காது. எஸ்ஏஓஇமேஜ் டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிக்கு மேலே சொன்ன ‘படைப்பின் தூண்கள்’ படத்தையே எடுங்கள். அவை இருக்கும் கழுகு நெபுலாவின் பட்டியல் எண் எம் 16. ஹப்பிள் 2014இல் புதிய கேமராவால் அவற்றை மீண்டும் எடுத்தது. ஹப்பிள் ஹெரிட்டேஜ் குழு ஒன்றோடொன்று பொருந்தும்படி சீராக்கிய கோப்புகள் மாஸ்டின் உயர்நிலைத் தரவுத் தொகுப்பில் கிடைக்கின்றன. எஃப்502என், எஃப்657என், எஃப்673என் ஆகிய மூன்றையும் இறக்குங்கள். ஒவ்வொன்றும் பெரிய கோப்பு, பொறுமை வேண்டும். நீங்களாகத் தேடி வேறு கோப்புகளை எடுக்க நேர்ந்தால், ஹப்பிளுக்குப் பெயரின் முடிவில் டிஆர்இசட் அல்லது டிஆர்சி என்று இருப்பதையும், வெப்புக்கு ஐ2டி என்று இருப்பதையும் தேர்ந்தெடுங்கள். பல பதிவுகளைச் சேர்த்துச் சுத்தம் செய்தவை இவை. தனிப்பதிவைத் திறந்தால் காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்கள், கிழித்த வெள்ளைக் கோடுகளாகவே இருக்கும்.

டிஎஸ்9இல் ஃபிரேம் பட்டியலுக்குள் போய், மூன்று நிறங்களைச் சேர்க்கும் ஆர்ஜிபி ஃபிரேமை உருவாக்குங்கள். சிவப்பில் 673 (கந்தகம்), பச்சையில் 657 (ஹைட்ரஜன்), நீலத்தில் 502 (ஆக்சிஜன்). திறந்ததும் ஏறக்குறைய முழுக் கறுப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சில பிக்சல்கள் அளவுக்கு மீறிப் பிரகாசமாகவும் மற்றவை எல்லாம் மிக மங்கலாகவும் இருப்பதுதான் காரணம். அளவீட்டு முறையை நேர்கோட்டிலிருந்து மடக்கைக்கு மாற்றுங்கள். தூண்கள் எழுந்து வரும். உடனே இன்னொரு தொல்லை, எல்லாம் பச்சையாக இருக்கும். ஹைட்ரஜனின் ஒளி மற்ற இரண்டையும்விட வலுவானது. பச்சையின் மேல் வரம்பை உயர்த்தி அதை அடக்கி, மற்ற இரண்டையும் சற்றுத் தூக்குங்கள். எவ்வளவு என்பதற்கு விதியில்லை. மங்கலான விவரம் தெரிய வேண்டும், பிரகாசமான இடம் வெளுத்துவிடக் கூடாது என்ற இரண்டுக்கும் நடுவே நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெப் கோப்புகளுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. அதன் அண்மை அகச்சிவப்புக் கேமராவில் குறு அலைப் பிரிவின் பிக்சல் சுமார் 0.03 விகலை, நெட்டலைப் பிரிவின் பிக்சல் அதைப் போல இருமடங்கு. இரண்டையும் சாதாரணப் படத்திருத்தியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது. டிஎஸ்9 வானத்து ஆயங்களை வைத்துத் தானே பொருத்திவிடும். பிரகாசமான விண்மீன்களின் நடுவில் கறுப்புப் பொட்டு தெரிந்தால் அது கருந்துளை அல்ல, உணரி நிரம்பி வழிந்ததால் மதிப்பு விட்டுப்போன பிக்சல்கள்.

இப்போது அளவுகோலை எடுங்கள்

செய்த படத்தை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இடது ஓரத்தில் உள்ள உயரமான தூண் எவ்வளவு நீளம்? டிஎஸ்9இல் அளவுகோல் கருவி இருக்கிறது, அதைத் தூணின் அடியிலிருந்து நுனிவரை இழுத்தால் கோணம் விகலையில் கிடைக்கும். கையால் செய்ய விரும்பினால் பிக்சல்களை எண்ணி, ஒரு பிக்சலின் அளவான சுமார் 0.04 விகலையால் பெருக்குங்கள்.

நீளம் = தொலைவு × விகலை ÷ 206265. கடைசி எண் ஒரு ரேடியனில் உள்ள விகலைகள். நீங்கள் 120 விகலை அளந்ததாக வைத்துக்கொள்வோம். தொலைவு சுமார் 6,500 ஒளியாண்டு. விடை சுமார் 3.8 ஒளியாண்டு. சூரியனுக்கும் அதற்கு மிக அருகில் உள்ள விண்மீனுக்கும் இடையே உள்ள தூரம் 4.2 ஒளியாண்டு. ஒரே ஒரு தூண் கிட்டத்தட்ட அந்த இடைவெளியை நிரப்பிவிடும். தூணின் அடி எது, நுனி எது என்பதில் உங்களுக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபடும். இருவரும் தனித்தனியே அளந்து வித்தியாசத்தையும் எழுதிவையுங்கள். பிழை எல்லை என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

ஒளி குறையும் கணம்

படமே இல்லாத வானியலும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஒரு கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது விண்மீனின் ஒளி கொஞ்சம் குறைகிறது. வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் சுமார் 1 விழுக்காடு குறையும். பூமி அளவுள்ளது என்றால் 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு.

லைட்கர்வ் என்ற பைத்தான் நூலகம் கெப்ளர், டெஸ் தரவை இறக்கி வரைந்து தருகிறது. பைத்தானில் ஏற்கெனவே கொஞ்சம் பழக்கம் இருந்தால் ஒரு வாரயிறுதியில் பிடிபட்டுவிடும். இல்லாவிட்டால் இந்தப் படியைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், தவறில்லை. தொடக்கத்துக்கு வாஸ்ப்-18 என்ற விண்மீன் நல்ல இலக்கு. அதன் கோள் 0.94 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது, ஒளி ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. டெஸ் ஒரு வானப் பகுதியைச் சுமார் 27 நாள் பார்ப்பதால் ஒரே கோப்பில் இருபதுக்கு மேற்பட்ட கடப்புகள் கிடைக்கும். நடுவில் ஓர் இடைவெளி தெரியும். தொலைநோக்கி பூமிக்கு அருகில் வந்து தரவை அனுப்பிய நேரம் அது.

முதலில் ஒளி வளைகோட்டின், அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் கோட்டின், மெதுவான ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்ய வேண்டும். இங்கே கவனம். சமன் செய்யும் சாளரம், அதாவது ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் காலத் துண்டு, கடப்பின் கால அளவைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கட்டும். சிறியதாக வைத்தால் கோளின் தடயத்தையே மென்பொருள் அழித்துவிடும். பிறகு சுற்றுக்காலத்தை வைத்து வளைகோட்டை மடியுங்கள். எல்லாக் கடப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே பள்ளமாகும்.

பள்ளத்தின் ஆழம் 0.01 என்றால் அதன் வர்க்கமூலம் 0.1. கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு. வாஸ்ப்-18 சூரியனைவிடச் சுமார் கால் பங்கு பெரியது, சூரியனின் ஆரத்தில் வியாழன் பத்தில் ஒரு பங்கு. ஆகவே இந்தக் கோள் வியாழனைவிடக் கொஞ்சம் பெரியது. யாரும் நேரில் கண்டிராத ஓர் உலகின் அளவை ஒரு வர்க்கமூலம் தந்துவிடுகிறது.

எல்லாப் பள்ளமும் கோள் அல்ல. டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 விகலை அகலம். பக்கத்தில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் இருந்தால் அதன் ஒளியும் அதே பிக்சலில் கலந்து கோள்போல நடிக்கும். புதிய கோள் கிடைத்துவிட்டது என்று துள்ளுவதற்கு முன் அக்கம்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டாகத் தேடுதல்

நிரல் எழுத வராதவர்களுக்கு ஸூனிவர்ஸ் தளம் இருக்கிறது. அங்கே 2007இல் தொடங்கிய காலக்ஸி ஸூ திட்டத்தின் வழியில், திரள்களின் வடிவத்தை இன்றும் பொதுமக்கள் வகைப்படுத்துகிறார்கள். அந்த முதல் ஆண்டிலேயே ஹன்னி வான் ஆர்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒரு திரளின் அருகே விசித்திரமான ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு ‘இது என்ன?’ என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. பின்னர் ஹப்பிளே அதைத் திரும்பிப் பார்த்தது. அதே தளத்தின் கோள் தேடும் திட்டமான பிளானெட் ஹன்ட்டர்ஸின் தன்னார்வலர்கள் கெப்ளர் தரவில் 22 விழுக்காடுவரை ஒளி குறையும் விண்மீன் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். வானியலாளர் தபெத்தா போயாஜியன் தலைமையில் 2015இல் அது பற்றிய ஆய்வு வெளிவந்தது. வேற்றுலகவாசிகள் கட்டியது என்றெல்லாம் ஊடகங்கள் எழுதின. நீல ஒளி சிவப்பைவிட அதிகம் குறைவதைப் பார்த்தால் நுண்ணிய தூசுதான் காரணம் என்று தெரிகிறது.

தினம் பதினைந்து நிமிடம் வகைப்படுத்தினாலே ஒரு மாதத்தில் சுருள் திரளுக்கும் மோதிக்கொண்டிருக்கும் இரு திரள்களுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படிந்துவிடும்.

குறிப்பேடும் திட்ட எண்ணும்

செய்வதை எல்லாம் எழுதிவையுங்கள். கோப்பின் பெயர், ஃபில்ட்டர், வைத்த வரம்புகள், அளந்த எண். மூன்று வாரம் கழித்து அதே படத்தை மீண்டும் செய்ய முயன்றால்தான் இதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு திட்ட எண் உண்டு. தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பித்த குழுவுக்குக் கொடுக்கப்பட்ட எண் அது. மாஸ்டில் அதைத் தேடினால் அந்தக் குழு ஏன் அந்த இடத்தைப் பார்க்க விரும்பியது என்ற சுருக்கம் கிடைக்கும். அதைப் படியுங்கள், பாதி புரியாது, பரவாயில்லை. நல்ல கேள்வி ஒன்று எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சில கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். விண்ணப்பித்த குழு முதலில் ஆராய்வதற்காகப் பல திட்டங்களுக்கு ஓராண்டுவரை அவகாசம் தரப்படுகிறது. பூட்டு திறக்கும் தேதியைக் காப்பகமே காட்டும், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் திட்டமாகவோ கண்காட்சிக்காகவோ சமர்ப்பிக்கும்போது தொலைநோக்கியின் பெயர், காப்பகத்தின் பெயர், அந்தத் திட்ட எண், படத்தைச் செயலாக்கிய உங்கள் பெயர் நான்கையும் படத்தின் கீழே எழுதுங்கள்.